ஐந்து நாட்டு அண்டா

வங்கக் கரை வட்டார ஒருங்கிணைப்புப் பேரவை தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் அதன் ஐந்து உறுப்பு நாடுகளும் எதிர்ப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே தீர்மானம் மதியச் சாப்பாட்டு இடைவேளை பற்றியது. ஆகவே மாமல்லபுரத்தில் கூடும் இந்த ஆண்டு மாநாட்டை அந்த ஒற்றுமையின் மேலேயே எழுப்புவது என்று பொதுச்செயலர் பார்த்தசாரதி முடிவு செய்தார். ஒவ்வொரு நாடும் தன் பொருளாதாரத்தின் பெருமையாக ஒரு சமையல் பொருளைக் கொண்டு வரும். எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்து பிரியாணியாகும். பிரதிநிதிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவார்கள். வழக்கமான குத்துவிளக்குக்குப் பதிலாக இந்த ஏற்பாடு. குத்துவிளக்கில் யார் நாட்டு எண்ணெயை ஊற்றுவது என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநாட்டில் கிளம்பிய பிரச்சினை இன்னும் துணைக்குழுவில் இருக்கிறது.

சமையல் வேலை கேளம்பாக்கத்துக் கிருபாகரனுக்குக் கிடைத்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிறந்தநாள் விருந்து, மறைமலைநகர்க் கம்பெனிகளில் ஆயுதபூஜைச் சாப்பாடு என்று கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமைப்பது இதுதான் முதல் தடவை. அவர் ஒப்புக்கொண்டது மாசி மாதத்தில் ஒரு தேதிக்கு. பிறகு ஒரு நாட்டில் பட்ஜெட் வந்தது, இன்னொரு நாட்டில் நிதியமைச்சர் மாறினார், மூன்றாவது நாட்டில் புது நிதியமைச்சரும் மாறினார். ஒருங்கிணைப்புக்கான தேதியை ஒருங்கிணைக்க முடியாமல் தள்ளித் தள்ளி, கடைசியில் அது வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. அன்று மாலைதான் கிருபாகரனின் தங்கை ஜெனிஃபருக்கு ஊரப்பாக்கத்தில் சர்ச்சுக்குப் பக்கத்து மண்டபத்தில் நிச்சயதார்த்தம்.

அப்பா இல்லாத வீடு. பெண் வீட்டார் சார்பில் தட்டு மாற்ற வேண்டியவர் கிருபாகரன். விருந்துக்குச் சமைக்க வேண்டியவரும் அவரே. முகூர்த்த நாள் என்பதால் திருப்போரூரிலிருந்து தாம்பரம் வரை வாடகைக்கு ஒரு பெரிய அண்டா மிச்சமில்லை. கையில் இருப்பது சொந்த அண்டா ஒன்றுதான். மதியம் மாநாட்டில் பரிமாறிவிட்டு, அண்டாவைக் கழுவி, குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் தன் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஊரப்பாக்கம் போய் மறுபடி அடுப்பில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜெனிஃபருக்கு அண்ணனின் கணக்குகள் பழக்கமானவை. “நீ இன்னா பண்ணுவியோ தெரியாது,” என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். “ஆறு மணிக்கு நீயும் இங்க இருக்கணும், அண்டாவும் இருக்கணும். ரெண்டுல ஒண்ண வுட்டுட்டு வந்த, அவங்க வூட்ல என்னிய இன்னா நெனப்பாங்க?”

“ஒரு மணிக்குப் பந்தி. ரெண்டு மணிக்குக் கெளம்பிடுவேன். பெரிய பெரிய ஆபீசருங்கமா, டைமுன்னா டைமுதான்,” என்றார் கிருபாகரன்.

மாநாடு நடந்தது கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில். புல்வெளியில் பந்தல், பந்தலுக்கு நடுவில் அடுப்பு, அடுப்பின் மேல் அண்டா. சுற்றிலும் ஐந்து கொடிகள். கடல் காற்றில் அவை அண்டாவுக்குள் விழாமல் பிடித்துக்கொள்ள ஐந்து ஆட்கள்.

உறுப்பு நாடுகளின் பெயர்களை இங்கே சொல்வதற்கில்லை. தூதரகங்கள் சங்கடப்படும். கொண்டு வந்த பொருளை வைத்து அவற்றை அரிசி நாடு, வெங்காய நாடு, எண்ணெய் நாடு, ஏலக்காய் நாடு என்றே குறிப்பிடலாம். விருந்து நடத்தும் நம் நாட்டின் பங்கு கோழியும் கேஸும். பிரதிநிதிகள் ஆங்கிலத்தில் பேசியதை அவ்வப்போது கிருபாகரனுக்குத் தமிழில் சொல்ல, திருக்கழுக்குன்றத்திலிருந்து வத்சலா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையை வரவழைத்திருந்தார்கள்.

பார்த்தசாரதி தொடக்கவுரை ஆற்றினார். “எல்லைகளற்ற வட்டாரம் என்பது நம் கனவு. அந்தக் கனவை ஒவ்வொரு நாடும் தன் வீட்டில், தன் கட்டிலில், கதவைத் தாழிட்டுக்கொண்டு காண வேண்டும். இன்று நாம் அந்தக் கதவுகளைத் திறக்கப் போவதில்லை. ஆனால் தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் போடுகிறோம்.”

எந்த நாட்டு எண்ணெய் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். கைதட்டலில் அது அமுங்கிப் போனது.

அடுத்துப் பேசியவர் பேரவையின் பொருளாதார ஆலோசகர் மீரா. “ஒவ்வொரு அரசும் தன் வட்டி, தன் வரி, தன் நாணயத்தின் மதிப்பு எல்லாவற்றையும் தன் நாட்டுத் தேர்தலுக்குத் தக்கபடி முடிவு செய்கிறது. அந்த முடிவுகளின் விளைவுகள் பக்கத்து நாட்டில் போய் விழுகின்றன. சரக்குதான் எல்லையில் நிற்கிறதே தவிர, விளைவுகள் ஒருநாளும் நின்றதில்லை. நம் வட்டாரம் எவ்வளவு ஆழமாக ஒருங்கிணைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?”

பிரியாணி மாஸ்டர் கருப்பன் இத்தனை நேரமும் கரண்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். “இன்னா தம்பி, எண்ணெய ஊத்துவாங்களா, இல்ல பேசிகினே இருப்பாங்களா?” என்றார் கிருபாகரனிடம்.

ஊற்றினார்கள். எண்ணெய் நாட்டுப் பிரதிநிதி தன் தகரத்தைச் சாய்த்தபோது புகைப்படக்காரர்கள் முட்டிக்கொண்டார்கள். எண்ணெய் காய்ந்தது. ஏலக்காய் நாட்டுப் பிரதிநிதி ஒரு கைப்பிடி ஏலக்காயைப் போட்டார். வாசனை எழுந்தது. எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். பேரவையின் வரலாற்றில் வட்டார வர்த்தகம் வாசனை நிலைக்கு வந்தது அதுவே முதல் முறை என்று மீரா பிறகு சொன்னார்.

அப்போது எண்ணெய் நாட்டுப் பிரதிநிதியின் கைப்பேசி ஒலித்தது. பேசிவிட்டு வந்தவரின் முகம் இறுகியிருந்தது. தன் நாட்டு மத்திய வங்கி, விலைவாசியைக் கட்டுப்படுத்துவதற்காகச் சற்று முன் வட்டியை உயர்த்திவிட்டது என்றார். வெளியே போன மூலதனமெல்லாம் அதிக வட்டிக்காகத் தாயகம் திரும்பிக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணெயும் திரும்ப விரும்புகிறது.

வத்சலா இதை மொழிபெயர்த்ததும் கருப்பன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். “எண்ணெயே சொல்ச்சாம்மா?”

“அப்படித்தான் சொல்றார்,” என்றார் வத்சலா. “அவர் சொன்னதைச் சொல்றேன், அவ்வளவுதான்.”

அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் தாயகம் திரும்பலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. கருப்பன் கொதிக்கும் எண்ணெயைக் கரண்டியால் அள்ளித் தகரத்தில் ஊற்றினார். பிரதிநிதி அந்தத் தகரத்தைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாட்டின் மூலதனம் என்பதால் அதைக் கீழே வைக்க அவருக்கு அனுமதியில்லை. அவ்வப்போது ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

வெங்காயம் பொன்னிறமாக வதங்கிக்கொண்டிருந்தபோது வெங்காய நாட்டு நாணயத்தின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஏற்றுமதியைப் பெருக்குவதற்காக அவர்களுடைய அரசே செய்தது. செய்தி கேட்ட பிரதிநிதி மகிழ்ச்சியில் துள்ளினார். “இப்போது எங்கள் வெங்காயம்தான் வட்டாரத்திலேயே மலிவு,” என்று அறிவித்துவிட்டு, மிச்ச மூட்டைகளையும் இழுத்து வந்து அண்டாவில் கொட்டத் தொடங்கினார். மற்ற நாட்டுப் பிரதிநிதிகள் இது சந்தையைக் கெடுக்கும் செயல் என்று கூவியபடி அண்டாவைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். அவர் குனிந்து அவர்களுடைய கைகளுக்கு அடியில் நுழைந்தார்.

கருப்பன் கரண்டியை ஓங்கினார். “யோவ், நா பிரியாணி பண்ணிகினு கீறேன், வெங்காயத் தொக்கு இல்ல! இன்னும் ஒரு வெங்காயம் உள்ள வுழுந்துச்சு, உன்னியும் சேர்த்து வதக்கிடுவேன்.”

“என்ன சொல்கிறார்?” என்று பிரதிநிதி கேட்டார்.

“இறக்குமதி அளவுக்கு உச்சவரம்பு விதிக்கப்படுகிறது என்கிறார்,” என்றார் வத்சலா. பிரதிநிதி உடனே மரியாதையாகப் பின்வாங்கினார். உச்சவரம்பு அவருக்குப் புரியும் மொழி.

இதற்கிடையில் ஏலக்காய் நாட்டின் அந்நியச் செலாவணி தீர்ந்து போனது. இது ஒருவகையில் எதிர்பார்த்ததுதான். இனி அந்த நாட்டுக் குடிமக்கள் எங்கிருந்தாலும் அயல்நாட்டுப் பொருள் எதையும் உட்கொள்ளக் கூடாது என்று அவசர ஆணை வந்தது. பிரதிநிதிக்கு அது வாட்ஸ்அப்பில் வந்தது. படித்துவிட்டு, அப்போதுதான் வாய்க்குக் கொண்டுபோன டீயைத் திருப்பிக் கொடுத்தார். பையில் மீதியிருந்த ஏலக்காயில் ஒன்றை எடுத்து மெல்லத் தொடங்கினார். அன்று முழுவதும் அதைத்தான் மென்றார்.

கோழி வெந்து, அரிசியும் விழுந்து, தம் போடும் நேரத்தில் நம் நாட்டின் முறை வந்தது. நிதிப் பற்றாக்குறையைக் குறைக்கும் பொருட்டு மானியங்கள் வெட்டப்பட்டிருப்பதாகவும், எனவே அடுப்பின் தீயை உடனடியாகக் குறைக்க வேண்டியிருப்பதாகவும் பார்த்தசாரதி தழுதழுத்த குரலில் அறிவித்தார். “ஏழை நாடுகளின் அடுப்பில் நாம் கை வைக்கிறோம் என்ற வேதனை எனக்கு இருக்கிறது. ஆனால் கையை எடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.”

“தம்முக்கு சிம்லதான் சார் வெக்கணும்,” என்று கருப்பன் தீயைக் குறைத்தார். அன்றைய பொருளாதார முடிவுகளில் பிரியாணிக்கு நன்மை செய்தது அது ஒன்றுதான். அதை யாரும் கவனிக்கவில்லை.

மூடியைப் போட்டு, விளிம்பைச் சுற்றி மைதா மாவால் அடைத்து, மேலே தணல் பரப்பினார் கருப்பன். தம் முடிந்து, தணலைத் தட்டி, அடுப்பை அணைத்தபோது மணி ஒன்று ஆகியிருந்தது. வாழையிலைகள் போடப்பட்டன. பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள். கிருபாகரன் கைப்பேசியில் மணியைப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அரிசி நாடு அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

அங்கே உள்ளாட்சித் தேர்தல் வந்துகொண்டிருந்தது. தலைநகரில் ஒரு கடையின் முன் நான்கு பேர் வரிசையில் நின்ற படம் செய்தியில் வந்துவிட்டது. நான்காவது ஆள் கடைக்காரரின் மைத்துனர் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் தடை வந்துவிட்டது. இன்றுமுதல் ஒரு மணி அரிசிகூட வெளியே போகக் கூடாது, வழியில் இருப்பது அத்தனையும் மீட்கப்பட வேண்டும். பிரதிநிதி எழுந்து நின்று இதை வாசித்தார். பிறகு அண்டாவைக் காட்டி, “அது வழியில் இருக்கிறது,” என்றார்.

அரிசி எந்தக் கணத்தில் ஏற்றுமதியாகிறது என்பதை விளக்கும்படி மீராவைக் கேட்டார்கள். மூன்று கருத்துகள் உண்டு என்றார் மீரா. எல்லையைத் தாண்டும்போது என்பது ஒன்று. மூட்டையைப் பிரிக்கும்போது என்பது மற்றொன்று. அயல்நாட்டார் ஒருவர் அதை விழுங்கும் வரை அரிசி தாயகத்துக்கே சொந்தம் என்பது மூன்றாவது. தன் நாடு எப்போதுமே மூன்றாவது கருத்தின் பக்கம் நின்றிருக்கிறது என்று அரிசி நாட்டுப் பிரதிநிதி சொன்னார். அப்படியானால் அந்த அரிசி உறிஞ்சிய எண்ணெய் தங்களுடையது என்றார் தகரத்தை அணைத்திருந்தவர். பிரியாணியைப் பிரிப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் குழு அமைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மூடியைத் திறந்து பார்வையிட வேண்டும் என்று நான்கு பேர் அண்டாவை நோக்கி வந்தார்கள்.

கருப்பன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அண்டாவின் முன் உட்கார்ந்தார். “அத்தினி பேரும் எலை முன்னாடி குந்தாம மூடியத் தொறக்க மாட்டேன். சூடு பூட்டா அது பிரியாணி இல்ல, பழைய சோறு. எவனாச்சும் கைய வெச்சிப் பாரு.”

கடைசியில் விதிப்புத்தகத்தின்படி பார்த்தசாரதி தீர்ப்பளித்தார். சர்ச்சைக்குரிய சரக்கு, ஒருமித்த கருத்து ஏற்படும் வரை இருக்கும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. சரக்கைத் தாங்கியிருக்கும் கலனுக்கும் இது பொருந்தும். பந்தி ஒத்திவைக்கப்பட்டது. வேறு எதையாவது சாப்பிட்டால் தங்கள் நிலைப்பாடு பலவீனமாகிவிடும் என்பதால் பிரதிநிதிகள் பட்டினியாகவே விவாதத்தைத் தொடர்ந்தார்கள்.

கிருபாகரன் பார்த்தசாரதியின் பின்னாலேயே நடந்தார். “சார், அண்டா என்னுது சார். சாயந்தரம் தங்கச்சிக்கு நிச்சயம் சார்.”

“அண்டாவின் உடைமையை நாங்கள் கேள்வி கேட்கவில்லை,” என்றார் பார்த்தசாரதி கனிவாக. “அது உங்களுடையதுதான். ஆனால் நீங்கள் அதில் தலையிடக் கூடாது.”

“எப்ப சார் ஒருமித்த கருத்து வரும்?”

“ஒரு குத்துவிளக்கு நான்கு ஆண்டாகத் துணைக்குழுவில் இருக்கிறது. அண்டா கொஞ்சம் பெரியது.”

மூன்று மணிக்கு ஜெனிஃபர் கூப்பிட்டாள். அடுப்பு தயாராக இருக்கிறது, கறி வந்துவிட்டது, அண்டா எங்கே என்றாள். நாலு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். கறியை மண்டபத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாளாம். மாப்பிள்ளை ஜோஷ்வா வீட்டார் மதுராந்தகத்திலிருந்து வேன் ஏறிவிட்டார்களாம்.

“அண்ணா, உண்மையச் சொல்லு. இன்னா ஆச்சு?”

“அரிசிய வெளிய வுட மாட்டேங்கறாங்கமா. எண்ணெக்கு வட்டி ஏறிடுச்சாம்.”

“குடிச்சிகீறியா?” என்றாள் ஜெனிஃபர். அதற்குப் பிறகு அவள் அழுதது கேட்டது. “அப்பா இருந்தா இப்டி ஆவுமா? தட்டு மாத்த ஒரு ஆளு இல்லாம நிக்கணுமா நானு?”

கிருபாகரன் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். மதியத்திலிருந்து கெஞ்சிப் பார்த்தாயிற்று. இந்த இடத்தில் கெஞ்சியவர்கள் யாருக்கும் எதுவும் கிடைத்ததாக அவருக்கு நினைவில்லை. தடை போட்டவர்களுக்கு நாற்காலி கிடைத்தது, தண்ணீர் பாட்டில் கிடைத்தது, எல்லோரும் எழுந்து நின்று கேட்டார்கள். ஒலிபெருக்கி சும்மா இருந்தது. அதன் முன் போய் நின்றார்.

“எல்லாருக்கும் வணக்கம். நானும் ஒரு தடை போடறேன். என் அண்டா வெளியூர்ல இருக்கக் கூடாது. இப்பத்திலேந்து தடை. வழியில எங்க இருந்தாலும் ஊரப்பாக்கம் வந்து சேரணும். அவ்ளோதான்.”

வத்சலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

முதலில் கைதட்டியவர் அரிசி நாட்டுப் பிரதிநிதி. காலையிலிருந்து சமையல்காரராகத் தெரிந்தவர் இப்போது ஒரு கொள்கையோடு நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தசாரதி எழுந்து வந்து கைகுலுக்கினார். “முன்பே சொல்லியிருக்கலாமே,” என்று கடிந்துகொண்டார். “தனிமனிதரின் வேண்டுகோளை ஏற்க எங்கள் விதிகளில் இடமில்லை. ஓர் அரசின் தடையை மறுக்கவும் இடமில்லை.”

ஆறாவது கொடி கிடைக்கவில்லை. கிருபாகரனின் தோளில் இருந்த துண்டைக் கம்பத்தில் கட்டினார்கள். புது உறுப்பு நாட்டின் பொருளாதார நிலையை மதிப்பிட மீரா வந்து உட்கார்ந்தார்.

“உங்கள் வட்டி விகிதம்?”

“வட்டிக்கு வுடறதில்ல மேடம். வாங்கறதோட சரி.”

“அந்நியச் செலாவணிக் கையிருப்பு?”

“துபாய்ல இருந்து மச்சான் குடுத்த பத்து திர்ஹாம் பீரோல கீது.”

ஏலக்காய் நாட்டுப் பிரதிநிதி மெல்வதை நிறுத்திவிட்டு அவரைப் பொறாமையோடு பார்த்தார்.

“மக்கள்தொகை?”

“நானு, தங்கச்சி, கருப்பண்ணன்.”

“நா உன் நாட்ல இல்லப்பா,” என்றார் கருப்பன் முக்காலியிலிருந்து. “நமக்கு எதுக்கு வம்பு?”

“உழைப்பாளர் வெளியேற்றம்,” என்றார் மீரா. “மக்கள்தொகை வளர்ச்சிக்கு ஏதாவது திட்டம் இருக்கிறதா?”

“ஆறு மணிக்கு நிச்சயதார்த்தம் மேடம். இப்டியே பேசிகினு இருந்தா அதுவும் இருக்காது.”

திட்டம் உண்டு, நிதி ஒதுக்கீட்டில் தாமதம் என்று மீரா தன் மதிப்பீட்டை முடித்தார்.

அண்டாவைக் குட்டி யானையில் ஏற்றினார்கள். ரிசார்ட் காவலாளிகள் சல்யூட் அடித்தார்கள். ஆனால் பிரியாணி இன்னும் உள்ளே இருந்தது. மூடியைத் திறந்து காலி செய்யச் சொன்னால் அது சர்ச்சைக்குரிய சரக்கைத் தொடுவதாகும். தொடாமல் அனுப்பினால் அரிசி இன்னொரு நாட்டுக்குப் போகும். தடையை மீறி அரிசி போவதைத் தான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தலைநகருக்குத் தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்றார் அரிசி நாட்டுப் பிரதிநிதி. எனவே சரக்கு எங்கே போகிறதோ அங்கே தானும் போக வேண்டும். எண்ணெய் நாடும் அதையே சொன்னது. வெங்காய நாடு புதுச் சந்தை ஒன்றைப் பார்வையிட விரும்பியது. ஏலக்காய் நாட்டுப் பிரதிநிதி மென்றபடியே காரில் ஏறிக்கொண்டார். மாநாட்டின் நிறைவு அமர்வு புதிய உறுப்பு நாட்டின் மண்ணில் நடைபெறும் என்று பார்த்தசாரதி அறிவித்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலில் சைரன் வண்டி, அதன் பின்னால் குட்டி யானை, அதன் பின்னால் கொடி கட்டிய கார்கள். வண்டலூர் சாலையில் ஷேர் ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கேளம்பாக்கம் சந்திப்பை நிற்காமல் கடந்தது கிருபாகரனின் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. பின்னால் அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி கருப்பன் உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்தின் வாசலில் ஜெனிஃபர் பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் சைரனைக் கேட்டு மறுபடி வேனில் ஏறப் பார்த்தார்கள். வண்டியிலிருந்து குதித்த அண்ணனைப் பார்த்ததும் ஜெனிஃபர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“போலீசோட வந்துகீற. எதனா தப்பு பண்ணியா?”

“இல்லமா. தனி நாடு ஆயிட்டேன்.”

“எதனா ஆவு. கைய கால கழுவிகினு மேடைக்கு வா. பாஸ்டர் வந்துட்டாரு.”

பாஸ்டர் ஜெபம் செய்தார். கிருபாகரனும் ஜோஷ்வாவின் தகப்பனாரும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். தட்டுகள் கைமாறியபோது முன்வரிசையில் இருந்த பிரதிநிதிகள் எழுந்து நின்றார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், புடவை அடங்கிய ஒரு தட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமும், அதே போன்ற ஒரு தட்டு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமும் எந்த ஆட்சேபமும் இல்லாமல் போய்ச் சேர்ந்ததை அவர்கள் நேரில் பார்த்ததில்லை. இதற்கு எத்தனை சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தது என்று எண்ணெய் நாட்டுப் பிரதிநிதி வத்சலாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

“மூணு தடவை பெண் பார்க்க வந்தாங்களாம்,” என்றார் வத்சலா.

மண்டபத்து அடுப்பில் மறுபடி சூடேறிய அண்டாவை மூடி திறக்காமலே இறக்கி வைத்துப் பந்தி போட்டார்கள். பிரதிநிதிகள் உட்படக் கூட்டம் மொத்தமும் இலை முன் உட்கார்ந்த பிறகே கருப்பன் மாவை உடைத்தார். ஆவி மண்டபம் முழுக்கப் பரவியது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத பிரதிநிதிகளின் கண்கள் கலங்கின. அதற்கு ஏலக்காய்தான் காரணம் என்று ஒருவர் விளக்கம் கொடுத்தார். பரிமாற வந்த பையன்களை அரிசி நாட்டுப் பிரதிநிதி கை காட்டி நிறுத்தப் போனார். அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. தலைநகரிலிருந்து அமைச்சர்.

அவர் இலையைப் பார்த்தார். கைப்பேசியைப் பார்த்தார். “மீட்புப் பணி தொடங்கிவிட்டது, ஐயா,” என்றார். ஒரு பெரிய கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். “நானே நேரடியாக மீட்டுக்கொண்டிருக்கிறேன்.”

அயல்நாட்டார் விழுங்கினால்தானே ஏற்றுமதி. தன் நாட்டார் விழுங்கினால் அரிசி தாயகம் திரும்பியதாகிறது. ஆனால் ஒருவரால் எவ்வளவு மீட்க முடியும்? எதிர்வரிசையில் ஜோஷ்வாவின் சித்தப்பா மூன்றாவது முறை சோறு கேட்டுக்கொண்டிருந்தார். பிரதிநிதி பதறிப்போய் அமைச்சரிடம் விளக்கினார். சில நிமிடங்களில் அங்கே இருந்து ஆணை வந்தது. மண்டபத்தில் பிரியாணி சாப்பிடும் அத்தனை பேரும் சாப்பிட்டு முடிக்கும் வரை அரிசி நாட்டின் குடிமக்கள். எண்ணெய் நாடு பின்தங்குமா? எண்ணெயை மீட்பதற்காக அதுவும் எல்லோருக்கும் குடியுரிமை வழங்கியது. வெங்காய நாடு இதை எதிர்த்தது. தன் வெங்காயத்தை வெளிநாட்டார்தான் சாப்பிட வேண்டும், அப்போதுதான் ஏற்றுமதி இலக்கு நிறைவேறும் என்றது. ஜோஷ்வாவின் சித்தப்பா இதில் எதையும் அறியாமல் மூன்று நாட்டு நிலைப்பாடுகளையும் ஒரே கையால் பிசைந்து உருட்டி உள்ளே தள்ளினார்.

ஒரு மூலையில் ஏலக்காய் நாட்டுப் பிரதிநிதி வெற்று இலையின் முன் உட்கார்ந்து, வெற்றிலை போட்டவரைப் போல மென்றுகொண்டே இருந்தார். ஜெனிஃபர் ஒரு தட்டில் பிரியாணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இதில் ஏலக்காய் மட்டும்தான் தன் நாட்டுடையது, அயல்நாட்டுப் பொருள் தனக்குத் தடை என்று அவர் வத்சலா வழியாகச் சொன்னார்.

“அது அவங்க வூட்டு ஏலக்காய் போட்ட பிரியாணிதானே? ஏலக்காய சாப்டச் சொல்லுங்க, மத்ததெல்லாம் கூட வருது,” என்றாள் ஜெனிஃபர்.

அவர் அமர்ந்த நிலையிலேயே தலைவணங்கினார். அந்தத் தட்டில் இருந்த இரண்டு ஏலக்காய்களை மீட்க அவருக்கு நான்கு முறை சோறு வைக்க வேண்டியிருந்தது.

பந்தி முடியும்போது பார்த்தசாரதி கூட்டறிக்கையோடு கிருபாகரனைத் தேடி வந்தார். புதிய உறுப்பு நாட்டின் கையெழுத்தும் வேண்டுமாம். கிருபாகரன் கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளைப் பார்த்தசாரதி பெருமிதத்தோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். கொடி கட்டிய கார்கள் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஒவ்வொன்றாகக் கலந்து மறைந்தன.

“இன்னாண்ணா அதுல எழுதிகீது?” என்றாள் ஜெனிஃபர்.

“போன சரக்கெல்லாம் அந்தந்த நாட்டுக்கே திரும்பப் பூட்ச்சாம். யாவாரம் ஒண்ணும் நடக்கலியாம். இன்னிக்கு யாரும் யாரு வூட்டு சோத்தையும் சாப்ல்லன்னு எழுதிகீது.”

மண்டபத்தின் பின்பக்கம், குழாயடியில், தலைகீழாகச் சாய்த்த அண்டாவுக்குள் இருந்து கருப்பனின் குரல் எதிரொலித்தது.

“யாருமே சாப்ல்லன்னா, இத எவன்டா கழுவறது?”